தண்ணீரைக் கழித்த எடை

விற்பதற்கோ வாங்குவதற்கோ கூலி கொடுப்பதற்கோ, அல்லது மனித நலனைக் காப்பதற்கோ பயன்படும் எந்த எடைக்கருவியும் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். கழற்றி வேறு இடத்தில் பொருத்தினால், பயன்படுத்துவதற்கு முன் மறுபடியும் சோதிக்கப்பட வேண்டும். அது காட்டும் எடை, எடை போடுபவருக்கு மட்டுமல்லாமல் எதிரே நிற்பவருக்கும் தெரிய வேண்டும். விதி இவ்வளவுதான். முத்திரை ஆய்வாளராக இருந்த காலம் முழுவதும் இதை நீலகிரியின் காய்கறி மண்டிகளிலும் ரேஷன் கடைகளிலும் தேயிலை எஸ்டேட்டுகளிலும் சொல்லி வந்தேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், டீ கொடுத்தார்கள், நான் ஜீப்பில் ஏறியதும் தராசைப் பழையபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

யாரும் சொல்லாமலே விதிப்படி நடந்த ஒருவர் இருந்தார். சேரம்பாடிப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் கொழுந்து எடை போட்டவர். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம் அல்ல, ஒரு வெறும் சாக்கு. மாலையில் பெண்கள் பறித்த கொழுந்தைச் சுமந்துவந்து வரிசையில் நிற்பார்கள். எடைக்காரம்மா முதலில் ஒரு வெறும் சாக்கை எடுத்து, அன்றைய மழையில் அது எவ்வளவு நனைந்திருக்கிறதோ அவ்வளவு நனைந்தபடியே, தொங்கு தராசின் கொக்கியில் மாட்டுவார். முள் ஆடி நிற்கும்வரை கையை எடுத்துவிட்டு நிற்பார். பிறகு தராசின் முகத்தைப் பெண்கள் பக்கம் திருப்பி, "சாக்கு ஒரு கிலோ இருநூறு, எல்லாரும் பாத்துக்கங்க" என்பார். அதற்குப் பிறகுதான் முதல் மூட்டை கொக்கிக்கு ஏறும்.

அவரை முதலில் பார்த்தது ஒரு ஜூன் மாத மழையில், வருடாந்தரச் சோதனைக்குப் போனபோது. என்னிடமிருந்த இருபது கிலோ எடைக்கல்லை மாட்டினேன். முள் இருபதில் நின்றது. முத்திரை குத்திவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தபோது அவர் கேட்டார்.

"எங்க தராசு சரின்னு ஒங்க கல்லு சொல்லுது. ஒங்க கல்லு சரின்னு எது சொல்லுதுங்க ஐயா?"

என் பணிக்காலத்தில் இதைக் கேட்டது அவர் ஒருவர்தான். ஜீப்பிலிருந்து எடைக்கல்லின் சோதனைச் சான்றிதழை எடுத்துவரச் சொல்லிக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளில் தேதியை மட்டும் தேடிப் பிடித்து, "அடுத்த மாசத்தோட முடியுதே" என்றார். அது எனக்கே நினைவில்லை. அதன் பிறகு அந்த எஸ்டேட்டுக்குப் போவதற்கு முன் என் காகிதங்களை நான் சரிபார்த்துக்கொள்வது வழக்கமாயிற்று.

அவருடைய குடும்பம் இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. அப்போது அவர் சிறுமி. ஆனாலும் பெற்றோரிடமிருந்து வந்த சொற்கள் அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தன. எடை போடும் கொட்டகையை மடுவம் என்பார், பேசுவதைக் கதைப்பது என்பார். பதினைந்து வருடம் கொழுந்து பறித்த பிறகு, கணக்கில் கெட்டி என்பதால் அவரை எடைக்கு நிறுத்தினார்கள். பெருத்த உடம்பு. எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்வார். எஸ்டேட்டின் மூன்று பிரிவுகளுக்கும் நடந்தே போவார்.

மழைக்காலத்தில் எடைக்காரருக்கு ஒரு சங்கடம் உண்டு. ஈரக் கொழுந்து கனக்கும். அந்தக் கனத்தைக் கழிக்க வேண்டும், எவ்வளவு என்பதுதான் சண்டை. பெரும்பாலான இடங்களில் ஆபீசில் உட்கார்ந்தே ஒரு அளவு போட்டுவிடுவார்கள். எடைக்காரம்மா ஒவ்வொரு மூட்டையிலும் கைவிட்டு ஒரு பிடி கொழுந்தை எடுத்து எல்லோர் முன்னாலும் பிழிவார். சொட்டுவதைப் பார்த்துக் கழிவைச் சொல்வார். ஒப்புக்கொள்ளாதவர்கள் கொழுந்தைப் படங்கில், அதாவது தார்ப்பாயில், விரித்து ஆறவைத்து மறுபடி நிறுக்கலாம். ஒருமுறை நான் நின்றிருக்கும்போது, எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் மூத்த தொழிலாளி ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"ஏன், என் கொழுந்து மட்டும் ஆத்துல குளிச்சிட்டு வந்துச்சா?"

"என் நாத்தனா கொழுந்தும் குளிச்சிட்டுத்தான் வந்துச்சு பெரியம்மா. அவளுக்கும் இதே கழிவுதான். நீங்க பறிச்சத எழுதுறேன். மழை பறிச்சத ஒங்க பேர்ல எப்படி எழுத?"

"ஒன்ன நிறுத்தா எவ்வளவுடி கழிப்ப?"

"என்னைத் தாங்குற கொக்கி வரட்டும், சொல்றேன்."

மடுவமே சிரித்தது. பெரியம்மாவும் சிரித்துவிட்டு, கழிவுக்குத் தலையாட்டிவிட்டுப் போனார். தராசு நேராக இருப்பதற்கு என் முத்திரை எவ்வளவு காரணம், அந்தச் சிரிப்பு எவ்வளவு காரணம் என்று ஜீப்பில் திரும்பும்போது யோசித்துக்கொண்டு வந்தேன்.

நான் ஓய்வு பெற்றுக் குன்னூரில் உட்கார்ந்த பிறகு அவரைத் தாங்கும் கொக்கி வந்தது, தொலைக்காட்சியிலிருந்து. அவருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது, முழங்கால் வீங்கியிருந்தது. எடையைக் குறைக்காவிட்டால் நிற்க முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிற்க முடியாதென்றால் எடை வேலை போய்விடும். கோயம்புத்தூரில் துணிக்கடையில் வேலை பார்க்கும் அவர் மகள், உடல் எடையைக் குறைக்கும் போட்டி நிகழ்ச்சி ஒன்றுக்கு அம்மாவைப் பற்றி ஒரு வீடியோ எடுத்து அனுப்பினாள். தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எஸ்டேட் நிர்வாகம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது. வழியனுப்பும்போது பெரியம்மா, "பாதியாத் திரும்பி வராத, எங்களுக்கு அடையாளம் தெரியாது" என்றாராம்.

நானும் என் மனைவியும் முதல் நாளே பார்த்தோம். எடைக்காரம்மாவின் முதுகில் ஒரு கூடையைக் கட்டி, தேயிலைக்காடு வரைந்த திரைக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். அவர் கூடை சுமந்து இருபது வருடம் ஆகியிருக்கும். பிறகு மேடையின் நடுவே லாரி ஏறும் அளவுக்கு ஒரு எடைமேடை. அவர் ஏறி நின்றதும் பின்னால் பெரிய திரையில் எண்கள் மேலும் கீழும் ஓடின. முரசு முழங்கியது. எண்கள் நிற்கும் தறுவாயில் விளம்பரம் போட்டார்கள். விளம்பரம் முடிந்து வந்த பிறகும் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"மின்னணுத் தராசு மூன்று விநாடியில் நின்றுவிடும். இப்படி ஓடுகிற தராசை நான் அன்றே பறிமுதல் செய்திருப்பேன்" என்றேன்.

"கொஞ்சம் வாய வெச்சுட்டுச் சும்மா இருங்க. பாவம், அந்தம்மா எவ்வளவு எடை இருக்காங்கன்னு பாக்க விடுங்க" என்றாள் மனைவி.

இந்த மாதிரி நிகழ்ச்சிகளால் நன்மையா தீமையா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியாது. நன்மை இருந்தது. எடைக்காரம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் வந்தது, முழங்கால் வீக்கம் வடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டியாளர்களுக்குப் போன் கொடுத்தபோது என்னைக் கூப்பிட்டார். "சோத்துல பாதியக் கொறைச்சா உசுரு போயிராதுன்னு இத்தனை வருசத்துல ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லீங்க ஐயா. இங்க ஒரு புள்ள தட்டுல கோடு போட்டுக் காட்டிச்சு" என்றார். என் மனைவி அந்த நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் மார்க்கெட்டிலிருந்து மேட்டில் நடந்து வர ஆரம்பித்தாள். இன்றும் நடக்கிறாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயங்களில் நிலைமை வேறு. நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கி, ரத்தசோகையில் வெளுத்திருக்கும் பெண்கள், மாலையில் டிவி முன் உட்கார்ந்து, நன்றாகச் சாப்பிட்டவர்கள் மெலிவதற்காக அழுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதில் எந்தப் பாடமும் இல்லை. தங்கள் எடைக்காரம்மா தெரிகிறாரே என்பதற்காகப் பார்த்தார்கள்.

தீமை எங்கே இருந்தது என்பதை அவர் பின்னால் சொல்லித் தெரிந்துகொண்டேன். தட்டில் கோடு போடுவது மெதுவான வேலை. வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, குறைவாகக் குறைத்தவரை வீட்டுக்கு அனுப்பும் போட்டிக்கு அந்த வேகம் போதாது. அதனால் எடை பார்ப்பதற்கு முந்தின நாள் காலையிலிருந்தே யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு கதவைச் சாத்திய அறையில் வியர்த்து உட்கார்ந்திருப்பார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எடை பார்த்து முடிந்ததும் செம்பு செம்பாகக் குடிப்பார்கள். திரையில் குறைந்ததில் ஒரு பங்கு கொழுப்பு, ஒரு பங்கு தண்ணீர். எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் அந்த மேடையில் ஒருவர் மட்டுமே. ஆறாவது வாரம் எடைக்காரம்மாவும் தண்ணீர் குடிக்காமல் இருந்தார். மற்றவர்களைப் போலத்தான் இருந்தேன் என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். எடைமேடையில் ஏறினார், எண்கள் ஓடி நின்றன, கைதட்டினார்கள். அந்த வாரத்தில் மிக அதிகமாகக் குறைத்தவர் அவர்தான். அப்போது அவர் இருபது வருடத் தொழில் பழக்கத்தில் ஒன்று செய்தார். மடுவத்தில் சொல்வது போல, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்.

"ஐயா, நேத்துக் காலையில இருந்து தண்ணி குடிக்கலீங்க. இதுல ரெண்டு கிலோ தண்ணிதான். அதக் கழிச்சிட்டு எழுதுங்க. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் கழிங்க."

அங்கே இருந்தவர்களுக்கு இது என்னவென்றே புரியவில்லை. கழிவு கேட்டு ஒருவர் தானாக நிற்பதை அவர்கள் பார்த்ததில்லை. படப்பிடிப்பை நிறுத்தினார்கள். கோட்டு போட்ட ஒருவர் வந்து தனியாகப் பேசினார். அந்த வாரமே எடைக்காரம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒளிபரப்பில் வந்தது வேறு. எடைக்காரம்மா வாயைத் திறக்கிறார். "தண்ணி" என்கிறார். முரசு. "ரெண்டு கிலோ தண்ணிதான்" என்கிறார். நடுவர் கண்ணை மூடிக்கொள்கிறார். தொகுப்பாளர், "எங்களை நம்பவைத்து ஏமாற்றிவிட்டீர்களே" என்கிறார், அதுவும் வேறொரு நாள் சட்டையில். கழிக்கச் சொன்ன வாக்கியம் எங்கும் இல்லை. தண்ணீரை வைத்து எடையில் மோசடி செய்து பிடிபட்டவராக அவரைக் காட்டி முடித்தார்கள்.

மறுநாள் மாலை அவர் மடுவத்தில் வழக்கம் போல வெறும் சாக்கை மாட்டினார். வரிசையில் முதலில் நின்றது பெரியம்மா. அவர் மூட்டையைக் கொக்கிக்குக் கொடுக்கவில்லை.

"எங்க தண்ணியெல்லாம் கழிச்ச. ஒன் தண்ணியக் காட்டி நீ பரிசு வாங்கப் பாத்தியே. வேற யாரையாச்சும் நிறுக்கச் சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை. அன்று மேற்பார்வையாளரே எடை போட்டார், சாக்கை மாட்டாமல், எல்லோருக்கும் ஒரே கழிவாகப் போட்டு. பெண்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். அந்த வாரக் கடைசியில் எடைக்காரம்மாவை, தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான். ஓய்வு பெற இரண்டு வருடத்துக்குள்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் கூடலூர், ஊட்டி வழியாக மூன்று பஸ் மாறிக் குன்னூருக்கு என் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார், முகத்தில் தோல் தொய்ந்திருந்தது. நஷ்டஈடு, வழக்கு என்று நான் ஆரம்பித்ததை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"அந்த மேடை தராசே இல்லீங்க ஐயா. தராசுன்னா ஏறி நின்னா ஒரு மூச்சு எறங்கணும். அது கல்லு மாரி நின்னுச்சு. அது கிடக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். தராசு கிட்ட நின்னு ஓய்வாகணும், தொட்டில் கிட்ட இல்ல. என்னைப் பத்தி நானே சொன்னா எடுபடாது, நீங்க ஒருக்கா மடுவத்துக்கு வந்து கதைச்சாப் போதும். முத்திரை ஐயா சொன்னா அவங்க கேப்பாங்க."

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதி வந்தேன். நான் இப்போது ஆய்வாளர் இல்லை, எஸ்டேட்டுக்குள் நின்று பேச எனக்கு அதிகாரம் கிடையாது, வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை, காகிதத்தில் வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். தொலைக்காட்சி நிறுவனம் புகார் கிடைத்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், பதினைந்து நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதற்கென்று ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்ற விதியை அவருக்கு விளக்கினேன். பதினைந்து நாள் என்றதும் அவர் முகம் தெளிந்தது.

"பதினஞ்சு நாள்னா பொறுத்துக்கலாங்க" என்றார்.

மனுவை நான்கு பக்கத்துக்கு எழுதினேன். மேடையில் இருந்தது முத்திரையில்லாத எடைக்கருவி என்பது முதல் குற்றச்சாட்டு. சட்டத்தில் மனித நலன் என்ற சொல் இருப்பதை அடிக்கோடிட்டேன். அவர் உண்மையில் சொன்ன வாக்கியத்தை ஒளிபரப்ப வேண்டும் என்ற கோரிக்கை மூன்றாம் பக்கத்தில், எட்டாவது பத்தியில் வந்தது. எந்த அலுவலகத்திலும் எட்டாவது பத்தியை யாரும் படிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். பணியில் இருந்தபோது நானும் படித்ததில்லை. ஒரு நகலை என் பழைய துறைக்கும் அனுப்பினேன். என்னிடம் வேலை கற்ற பையன், இப்போது அங்கே அதிகாரி, போனில் கூப்பிட்டான்.

"ஏனுங்க சார், டிவி தராசுக்கெல்லாம் முத்திரை குத்தப் போனா எங்களையும் படம் புடிச்சுப் போட்டுருவாங்களே. நீங்க ஊட்டுல நிம்மதியா இருக்கலாமுங்கல்ல?"

ஒப்புகை வரவில்லை. பதினைந்து நாளில் பதிலும் வரவில்லை. முதல் நினைவூட்டல், இரண்டாவது நினைவூட்டல், பதிவுத் தபால், மின்னஞ்சல். மாதம் ஒருமுறை எடைக்காரம்மா போன் செய்வார். "ஏதாச்சும் வந்துச்சுங்களா ஐயா?" நடவடிக்கையில் இருக்கிறது என்பேன். மக்களுக்கு முப்பத்தோரு வருடம் சொன்ன அதே பதில். ஒரு முறைகூட அவர், அப்படியானால் ஒருக்கா வந்துவிட்டுப் போங்களேன் என்று மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. நாலாவது நினைவூட்டலை ஒளிபரப்பாளர்களின் மேல்முறையீட்டு அமைப்புக்கும் நகல் வைத்து அனுப்பினேன்.

இதற்கிடையே அவருடைய எடை திரும்பி வந்தது, முன்பைவிடக் கூடுதலாகவே. பட்டினி கிடந்த உடம்பு கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைக்கும் என்று டாக்டர் சொன்னார். எனக்குத் தோன்றுவது இன்னும் எளிமையானது. எட்டு மணி நேரம் நின்று, மூன்று பிரிவுக்கும் நடந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். கோடு போட்ட தட்டு அவரிடம் இருந்தது. அதில் சாப்பிடுவதற்கான மனசு இல்லை.

அவர் ஓய்வு பெற்ற மே முப்பத்தொன்றாம் தேதி நான் எஸ்டேட்டுக்குப் போனேன். பதில் வராததற்கு வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் போனேன். மடுவத்தில் பாராட்டு விழா. சால்வை, மிக்சர், டீ. தொங்கு தராசு போய் மின்னணுத் தராசு வந்திருந்தது. அதன் எண்கள் எடை போடுபவரை மட்டும் பார்த்தபடி இருந்தன. மேற்பார்வையாளர் இரண்டு நிமிடம் பேசினார். வேறு யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார். நான் எழுந்தேன்.

அதிகாரம் ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த டிவி மேடையில் என்ன நடந்தது, அவர் எதைக் கழிக்கச் சொன்னார், எதை வெட்டினார்கள் என்று சொன்னேன். எனக்கும் தெரிந்தது அவர் சொல்லித்தான், ஆனால் இத்தனை வருடத்தில் அவர் சொன்ன எந்த எடையும் தவறாக இருந்ததில்லை என்றேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பெரியம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். எடைக்காரம்மா பக்கம் திரும்பினார்.

"கழிக்கச் சொன்னியாடி?" என்று கேட்டார்.

"ஆமா பெரியம்மா."

"அதான பாத்தேன்" என்றார் பெரியம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "இத அப்பவே வந்து சொல்லியிருக்கலாமேங்க ஐயா. பஸ்ஸு ஓடிட்டுத்தான இருந்துச்சு."

அவர் எழுந்து போய் மூலையில் கிடந்த ஒரு வெறும் சாக்கை எடுத்துவந்து எடைக்காரம்மாவின் கையில் கொடுத்தார். எடைக்காரம்மா அதை மின்னணுத் தராசின் மேல் வைத்தார், தராசைப் பெண்கள் பக்கம் திருப்பினார், கையை எடுத்துவிட்டு நின்றார். காய்ந்த சாக்கு. "எண்ணூறு, எல்லாரும் பாத்துக்கங்க" என்றார். அன்று ஞாயிறு, எடை போடக் கொழுந்து இல்லை.

தொலைக்காட்சி நிறுவனத்தின் பதில் அதற்குப் பிறகு வந்தது. ஒரே பத்தி. மேடையில் காணப்பட்டது எடைக்கருவி அல்ல, அரங்க அலங்காரப் பொருள். அதில் தெரிந்த எண்கள் பார்வையாளரின் சுவைக்காகக் காட்டப்பட்டவை. எனவே முத்திரை பற்றிய புகார் எழவில்லை. எட்டாவது பத்தியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. போனில் எடைக்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நான் கழிக்கச் சொன்னது அதுல இருக்குங்களா ஐயா?"

"இல்லை."

"அப்ப அந்தக் கடிதாசியையும் கழிச்சிருங்க" என்றார்.

கடிதத்தைக் கோப்பில் வைத்தேன். வந்து சேர்ந்த நாளை, பழக்கம் விடவில்லை, மேல் மூலையில் சிவப்பு மையில் குறித்தேன்: ஜூன் பத்தொன்பது.